எண்பது கிலோமீட்டர் ரகசியம்

தேனிப் பக்கம் இருக்கும் எங்கள் கோம்பைக்கு ராணுவ ரகசியம் ஆகும் யோகம் கடைசிவரை வாய்க்கவில்லை. நாட்டின் எல்லையோரமும் கடலோரமும் சுமார் 80 கிலோமீட்டர் அகலத்துக்குள் வரும் டோபோ ஷீட்டுகளை, அதாவது இந்திய நில அளவைத் துறையின் வரைபடத் தாள்களை, பொதுமக்களுக்கு விற்கக்கூடாது என்று வெகுகாலம் ஒரு விதி இருந்தது. கோம்பையிலிருந்து மலையேறி மேற்கே போனால் அரபிக்கடல் நூறு கிலோமீட்டருக்கு மேல். கிழக்கே வங்கக்கடல் அதைவிடத் தூரம். எங்கள் கடலைக்காட்டையும் தென்னந்தோப்பையும் பார்த்து எதிரி என்ன செய்துவிடப்போகிறான் என்று டேராடூனில் இருந்த அந்தத் துறைக்காரர்கள் நினைத்திருக்க வேண்டும். அதனால் எங்கள் ஊர் விழுகிற 58 ஜி/5 என்ற தாளைக் காசு கொடுத்து யார் வேண்டுமானாலும் வாங்கலாம். திருவான்மியூரிலிருந்து கோவளம் வரைக்குமான கடற்கரை விழுகிற 66 டி/5 தாளை வாங்க முடியாது.

இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் பார்க்கும் பாக்கியம் எனக்கு 1980களில் கிடைத்தது. சென்னையில் ஒரு கல்லூரியில் புவியியல் மாணவன். தேனி மாவட்டம் என்ற ஒன்று 1990களில்தான் பிறக்கப்போகிறது. அப்போது நான் மதுரை மாவட்டத்துக்காரன். துறையில் ஒரு இரும்பு அலமாரி இருந்தது. சாவி பேராசிரியரின் சட்டைப்பையில். உள்நாட்டுப் பகுதித் தாள்கள் மேசையின் இழுப்பறையில் கேட்பாரற்றுக் கிடக்கும். கடலோரத் தாள்கள் மட்டும் அலமாரிக்குள். எடுத்தால் பதிவேட்டில் கையெழுத்து, வைத்தால் இன்னொரு கையெழுத்து. டிரேசிங் பேப்பரைக் கொண்டுபோனால் முறைப்பார்.

எங்கள் ஊர்த் தாளைப் பார்க்கிறவனுக்கு மூச்சு வாங்கும். மலைமேல் இருக்கும் ராமக்கல்மெட்டுக்குக் கீழே சம உயரக் கோடுகள் நெருக்கி நெய்த கோரைப்பாய் போல அடுக்கடுக்காகக் கிடக்கும். ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் உயர வித்தியாசம் 20 மீட்டர். கோடு நெருங்க நெருங்க மலை செங்குத்து என்று அர்த்தம். ஆனி ஆடியில் காற்று எங்கள் ஓட்டைப் பிய்த்துக்கொண்டு போவது ஏன் என்பது அந்தத் தாளைப் பார்த்தாலே புரிந்துவிடும். மலையிலிருந்து இறங்கும் ஓடை, ஓடை போய்ச் சேரும் குளம், குளத்துக்கரை, கரைமேல் ஏறிப்போகும் வண்டிப்பாதை என்று எல்லாம் இருக்கும்.

பூட்டி வைத்திருந்த 66 டி/5ஐ முதன்முதலில் விரித்தபோது வயிற்றைக் கலக்கியது. தாளின் இடது ஓரத்தில் ஒரு துண்டு நிலம். மேலே இரண்டு கிலோமீட்டர் அகலம் இருக்கும். தெற்கே போகப்போக ஒல்லியாகி, கோவளத்தில் கிட்டத்தட்டத் தாளின் விளிம்போடு முடிந்துவிடும். மிச்சம் முழுக்கக் கடல். வங்காள விரிகுடா என்ற எழுத்தைத் தவிர அதில் வேறு சங்கதியே இல்லை. இந்த ஒன்றுமில்லாத தாளுக்குத்தான் அலமாரி, பூட்டு, பதிவேடு, இரண்டு கையெழுத்து.

அந்த ஒல்லித் துண்டுக்குள்ளும், அதை ஒட்டிய பக்கத்துத் தாளான 66 டி/1இன் ஓரத்திலும் என்ன இருந்தது என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பேன். கரையோரம் மணலுக்குப் புள்ளி. அதை ஒட்டிச் சவுக்குத்தோப்பு, பனைக்குத் தனி அடையாளம். சென்னையின் அடுப்புக்கும் ரயில் இன்ஜினுக்கும் விறகு வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் இந்த மணலில் சவுக்கை நட ஆரம்பித்தார்கள், அதன் மிச்சம். கொட்டிவாக்கம், பாலவாக்கம், நீலாங்கரை, ஈஞ்சம்பாக்கம், பனையூர், உத்தண்டி, கானத்தூர் என்று சிவப்புப் பொட்டுகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஒரு விரல்கடை இடைவெளி. இவற்றுக்கு மேற்கே, கரைக்கு இணையாக, ஒரு நீலக்கோடு: பக்கிங்காம் கால்வாய். 1806இல் வடக்கே வெட்ட ஆரம்பித்து, 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சிக்கு வேலை செய்த கூலிகளின் கையால் நகரத்துக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைத்த கால்வாய். பஞ்சத்தில் வெட்டியதற்கு அன்றைய கவர்னர் பிரபுவின் பெயரை வைத்தார்கள். விறகும் உப்பும் படகில் வந்துகொண்டிருந்த வழி.

சம உயரக் கோடு? தேடினால் கிடைக்காது. நிலம் 20 மீட்டர் ஏறினால்தானே ஒரு கோடு விழும்? அந்தக் கரையில் அவ்வளவு உயரம் எங்கே இருக்கிறது? மலையும் பள்ளமும் பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு அது வெறும் தரை. பேராசிரியர்தான் பென்சில் முனையால் காட்டினார். கடலுக்கு இணையாக முதலில் ஒரு மணல்மேடு, அதன் பின்னால் ஒரு பள்ளம், மறுபடி மேடு, மறுபடி பள்ளம். கடல் ஒரு காலத்தில் உள்ளே இருந்து பின்வாங்கியபோது விட்டுப்போன வரிசை. பழைய ஊர்கள் மேட்டில் உட்கார்ந்திருக்கின்றன. கால்வாய் பள்ளத்தில் ஓடுகிறது. பழைய மகாபலிபுரம் சாலை அடுத்த மேட்டைப் பிடித்துப் போகிறது. அதற்கும் மேற்கே, அதே 66 டி/1இல், பள்ளிக்கரணைக் கழிவெளி. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் வித்தியாசம் ஓரிரு ஆள் உயரம் இருக்கலாம். இருபது மீட்டருக்கு ஒரு கோடு போடுகிறவன் அதைக் காட்ட முடியாது. ஊரை எங்கே கட்டினார்கள் என்பதைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இப்படி நான் பூட்டிய தாளைப் படித்துக்கொண்டிருந்த நாளில், ஊரிலிருந்து என் தாய்மாமன் பூட்டாத ஒரு படத்தோடு வந்து இறங்கினார். அந்தப் படத்தை இலவசமாகக் கொடுத்திருந்தார்கள். வழுவழுப்பான தாள். மூலையில் உதயசூரியன், இரண்டு தென்னைமரம், ஒரு படகு. சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து மனைக்கு அம்புக்குறி ஒன்று வளைவே இல்லாமல் பாய்ந்திருந்தது. அளவை கிடையாது, வடக்கு எது என்று சொல்லவில்லை. கடல் மட்டும் மனைக்குப் பக்கத்திலேயே நுரைத்துக்கொண்டிருந்தது. கோம்பையில் ஒரு துண்டுத் தோட்டத்தை விற்றுவிட்டு, சாலைக்கு மேற்கே கால்வாய்ப் பக்கம் மனை வாங்கப் போகிறார்.

“மாப்ள, நீ படிக்கிற படத்துல நம்ம எடம் எங்கிட்டு இருக்குன்னு பாத்துச் சொல்லுய்யா.”

“மாமா, அது வெளியாளுக்குக் காட்டக் கூடாத படம்.”

“நான் என்ன பாகிஸ்தான்காரனா?”

விடவில்லை. துறைக்கே வந்துவிட்டார். பேராசிரியர் நல்ல மனுஷர். கதவைச் சாத்திவிட்டுத் தாளை விரித்தார். மாமாவின் மனை விழுந்த இடத்தில் கறுப்பு மையில் ஒரு வளைகோடு இருந்தது.

“இது தண்ணி நிக்கிற எடங்க.”

“தண்ணின்னா நீலமா இருக்கணும்ல சார்?”

“வருஷம் பூரா நிக்கிற தண்ணிக்குத்தான் நீலம். மழைக்கு மட்டும் நிக்கிறதைக் கறுப்புல போடுவாங்க.”

மாமா கொஞ்ச நேரம் யோசித்தார். “மெட்ராஸ்ல எங்க சார் மழை பேயுது?” என்றார். பேராசிரியர் தாளை மடித்து அலமாரியில் வைத்துப் பூட்டினார். மாமா அடுத்த முகூர்த்தத்தில் பத்திரம் பதிந்தார்.

கரை வளர்ந்த கதையும் இதே மாதிரிதான். 1966இல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் ஓவியர்கள் ஈஞ்சம்பாக்கத்து மணலில் நிலம் வாங்கிச் சோழமண்டலம் கலைக்கிராமத்தை அமைத்தபோது, ஊருக்கு வெளியே போய்க் குடியேறுகிறார்கள் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 1976இல் ரோமுலஸ் விட்டேக்கர் வடநெம்மேலியில் முதலைப் பண்ணை வைத்தார். ஆள் வராத இடம் என்பதால் முதலைக்கு வசதி. 1984இல் முட்டுக்காட்டில் படகுத்துறை. ஓவியர், முதலை, படகு என்ற வரிசையில் பின்னாலேயே மனைத்தரகர் வந்தார். 1991 பிப்ரவரியில் கடலோர ஒழுங்குமுறை மண்டலம் என்று ஒரு அறிவிக்கை வந்து, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் கட்டுப்பாடு என்றது. அந்த ஒல்லித் துண்டில் 500 மீட்டர் போனால் மிச்சம் எவ்வளவு என்று யாரும் தாளை எடுத்துவைத்து அளந்ததாகத் தெரியவில்லை. அலமாரி பூட்டியிருந்ததே!

அப்புறம் கிராமத்துச் சாலைகளை ஒட்டவைத்துக் கிழக்குக் கடற்கரைச் சாலை ஆக்கினார்கள். 2000இல் தரமணியில் டைடல் பார்க் திறந்தது. 2002இல் உத்தண்டியில் சுங்கம் வசூலிக்க ஆரம்பித்தார்கள். பழைய தாளில் வண்டித்தடம் புள்ளிக்கோடாகக் கிடந்த இடத்தில் காசு கொடுத்தால்தான் தடுப்பு மேலே போகும். 2004 டிசம்பர் 26இல் கடல் சுனாமியாகத் தன் பங்குக்கு வந்து எல்லையைக் காட்டிவிட்டுப் போனது. 2011இல் மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக வீங்கியபோது, நீலாங்கரையும் ஈஞ்சம்பாக்கமும் உத்தண்டியும் சென்னை என்றே ஆயின. பழைய தாளின் சிவப்புப் பொட்டுகளுக்கு நடுவிலிருந்த விரல்கடை இடைவெளி மறைந்துபோனது. இப்போதைய தாளில் அது ஒரே சிவப்புப் பட்டை. எந்த ஊர் எங்கே முடிகிறது என்பதைப் பேருந்து நடத்துனரைக் கேட்டால்தான் தெரியும்.

ரகசியம் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அது எப்போதும் ரகசியமாக இருந்ததில்லை. 1950களில் அமெரிக்க ராணுவத்தின் வரைபடப் பிரிவு இந்தியா முழுவதையும் 1:2,50,000 அளவையில் தாள் தாளாக அச்சிட்டு வைத்திருந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழக நூலகம் பிறகு அவற்றைக் கணினியில் ஏற்றி, வேண்டியவர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிட்டது. பாலவாக்கத்துக்காரர் தன் ஊரைப் பழைய படத்தில் பார்க்க டெக்சாஸ் போனால் இலவசம். சென்னையில் கேட்டால் குற்றம். 2005இல் புதிய வரைபடக் கொள்கை வந்து, படைக்கு ஒரு வரிசை, பொதுமக்களுக்கு ஒரு வரிசை என்று பிரித்தார்கள். 2017இல், நில அளவைத் துறைக்கு 250 வயதானபோது, ஆதார் எண்ணைக் கொடுத்தால் தாளை இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்றார்கள். 2021 பிப்ரவரியில், உலகமெங்கும் தாராளமாகக் கிடைப்பதை இங்கே மட்டும் கட்டுப்படுத்த வேண்டியதில்லை என்று அரசே சொல்லிவிட்டது. சோறு டெலிவரி செய்யும் பையன் அதற்கு முன்பே என் வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைச் செல்போனில் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒளித்துவைக்க ஏதாவது இருந்த காலத்தில் பூட்டு இருந்தது. மணலும் சவுக்கும் பள்ளமும் போய், ஒளிக்க ஒன்றுமில்லை என்று ஆனபிறகு திறந்துவிட்டார்கள். நடுவில் இருந்த முப்பது நாற்பது வருஷமும், அந்தக் கரையில் கைக்குக் கிடைத்த ஒரே படம் உதயசூரியனும் தென்னைமரமும் போட்டதுதான். ஊர் அந்தப் படத்தின்படி வளர்ந்தது.

இதில் இன்னொரு வேடிக்கை இருக்கிறது. இந்த நாட்டு வரைபடங்களுக்கெல்லாம் தாய்க்கோடு இந்தச் சுற்றுவட்டாரத்தில்தான் விழுந்தது. 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் பரங்கிமலைப் பக்கத்திலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்றை நோக்கி அளக்க ஆரம்பித்தார். சுமார் ஏழரை மைல். சீனப் பேரரசருக்குப் பரிசாகக் கொண்டுபோய் அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய நூறு அடி எஃகுச் சங்கிலி அவருக்கு வாய்த்தது. வெயில் பட்டால் எஃகு நீளும் என்று, சங்கிலிக்குக் கூடாரம் பிடித்து நிழல் கொடுத்து, சித்திரை வைகாசி வெயிலில் ஆட்கள் நின்றார்கள். அந்த ஒரு கோட்டிலிருந்து முக்கோணம் முக்கோணமாக விரித்துக்கொண்டே போய்த்தான் இமயமலை வரைக்கும் அளந்தார்கள். எங்கள் ராமக்கல்மெட்டுக்கு உயரம் எழுதினதும் அந்த வலையின் கணக்கில்தான்.

அங்குல சுத்தமாக அளந்த அந்தக் கோட்டின் தென்கோடியில், பெரும்பாக்கத்தில், இன்று இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகள். கூவம், அடையாறு கரைகளில் வெள்ள அபாயம் என்று சொல்லி அங்கிருந்தவர்களைக் கிளப்பி, கழிவெளி ஓரத்தில் கொண்டுவந்து வைத்தார்கள். மழைக்காலத்தில் பெரும்பாக்கத்திலும் செம்மஞ்சேரியிலும் தண்ணீர் ஏறுகிறது என்று செய்தி வரும். பள்ளிக்கரணையில் மிச்சம் இருப்பதில் 1,247 ஹெக்டேருக்கு 2022இல் ராம்சர் தளம் என்ற உலக அந்தஸ்து கிடைத்தது. எல்லாத் தாளிலும் இருந்த சதுப்புதான். சான்றிதழ் வருவதற்குள் பெரும்பகுதி வீடாகவும் சாலையாகவும் குப்பைமேடாகவும் ஆகிவிட்டிருந்தது.

2015 டிசம்பரில் மாமா வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். போன் எடுக்கவில்லை. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். கூடத்துச் சுவரில் தண்ணீர் நின்ற அளவுக்கு ஒரு பழுப்புக்கோடு, ரசமட்டம் வைத்துப் போட்ட மாதிரி நேராக. சம உயரக் கோடு விழாத ஊர் என்று தாளில் பார்த்தேன் அல்லவா, அந்த ஊர் தன் கோட்டைத் தானே வரைந்திருந்தது.

“மழை பெஞ்சிருச்சு மாப்ள” என்றார்.

“ஆமா மாமா.”

“நம்ம ஊர்ல கொளத்துக்குள்ள ஒருத்தன் வீடு கட்டுனா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். இங்க பட்டா குடுத்து, ஈபி குடுத்து, பேங்க்ல லோனும் குடுக்கான்.”

நான் பேராசிரியரின் கறுப்புக்கோட்டை ஞாபகப்படுத்தவில்லை. நல்லவேளை. ஏனென்றால் தண்ணீர் வடிந்து, சுவருக்கு வெள்ளையடித்து, இரண்டு கோடை போனதும் மாமா அந்த வீட்டை விற்றார். கோம்பையில் சென்ட் கணக்கில் விற்றுவிட்டு வந்தவர், இங்கே கிரவுண்ட் கணக்கில் விற்று வாங்கின விலையைக் கேட்டால் மயக்கம் வரும். வாங்கினவருக்கும் கறுப்புக்கோடு பற்றித் தெரியாது; தெரிந்திருந்தாலும் மெட்ரோ ரயில் வரப்போகிறது என்பதுதான் அவருக்கு முக்கியம். டோபோ ஷீட் படிக்கத் தெரிந்த நான் இன்றைக்கும் வாடகை வீட்டில் இருக்கிறேன். படிக்கத் தெரியாத மாமா, கோம்பையில் மாடி வைத்த வீடு கட்டி, சிப்பிப்பாறை ஒன்று, கோம்பை ஒன்று என்று இரண்டு நாய் வளர்க்கிறார்.

இத்தனை நாள் நான் பூட்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். தாள் மட்டும் ஜனங்கள் கையில் இருந்திருந்தால் பள்ளத்தில் வீடு கட்டியிருப்பார்களா என்று மேடை கிடைத்தால் பேசுவேன். போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது அந்தப் பேச்சுக்கும் முடிவு வந்தது.

ஊருக்கு மேற்கே, கடலை போட்ட காட்டில், கலர் கலராகக் கொடி. எல்லைக் கல்லுக்கு மஞ்சள் பெயின்ட். ‘மலைச்சாரல் மனைகள்’ என்று வளைவு. தரகர் தம்பி ஒருவன் மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வழுவழுப்பான தாள் ஒன்றை விரித்தான். உதயசூரியன் இருந்தது, தென்னைமரம் இருந்தது, படகுக்குப் பதில் காற்றாலை. நான் செல்போனில் இறக்கி வைத்திருந்த 58 ஜி/5ஐ எடுத்தேன். ரகசியமே இல்லாத தாள். ஒரு நாளும் பூட்டப்படாத தாள். கொடி நட்ட காட்டின் நடுவில், மலையிலிருந்து குளத்துக்கு, ஒரு கறுப்புக்கோடு சுத்தமாக இறங்கியது.

“தம்பி, இதுல ஓடை போகுதே?”

அவன் செல்போனை வாங்கி, விரலால் பெரிதாக்கிப் பார்த்தான்.

“கறுப்பா இருக்குல்லண்ணே. தண்ணின்னா நீலமால்ல காட்டும்? இது பாதைண்ணே. அதான் நாங்களும் அந்த எடத்துல இருபதடி ரோடு விட்டிருக்கோம்.”

நான் மாமாவைப் பார்த்தேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றவர், கறுப்பு மைக்கு அர்த்தம் தெரிந்தவர், இந்தத் தாலுகாவிலேயே இதற்குச் சாட்சி சொல்லத் தகுதியுள்ள ஒரே ஆள். கண்ணாடியைக் கழற்றித் துண்டில் துடைத்து மாட்டிக்கொண்டு, செல்போனைத் தள்ளிவிட்டு, வழுவழுப்பான தாளைப் பக்கத்தில் இழுத்தார்.

“ரோட்டடி மனையா?” என்று கேட்டார். “சென்ட் என்ன வெலய்யா சொல்றீங்க?”